ஹைக்கூ படித்து ஜப்பானியம் கற்க முடியுமா? (நீரின் ஓசையா, நீரின் கணவனா)

#1 கூழாங்கல்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) என்5 தேறிவிட்டேன், அதுதான் தொடக்க நிலை. ஹிரகானா, கதகானா என்ற ஒலியெழுத்து வரிசைகள் இரண்டையும் தடங்கலில்லாமல் வாசிப்பேன். கன்ஜி (சீன எழுத்து) சுமார் 150 தெரியும்.

பாடப்புத்தகம் சலித்துவிட்டது. "இது குடை. அது யாருடைய குடை?" என்று எத்தனை நாள்தான் படிப்பது? போன மாதம் ஹைக்கூ கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதையை மூலத்தில் பார்த்தேன். மூன்றே வரி, பெரும்பாலும் தெரிந்த சொற்கள்.

ஃபுருஇகெ யா
கவாஸு தொபிகொமு
மிஸு நோ ஒதோ

பழைய குளம். தவளை உள்ளே பாயும் நீரின் ஓசை. அகராதியை இரண்டே முறைதான் திறந்தேன். ஒரு முழுக் கவிதையை ஜப்பானிய மொழியிலேயே படித்துவிட்டேன் என்ற பெருமையில் சனிக்கிழமை இணைய வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். சொல்லிக்கொடுப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒதோ இல்லை, நீங்கள் ஒத்தோ என்கிறீர்கள்" என்றார். ஒத்தோ என்றால் கணவனாம். பழைய குளம், தவளை பாய்கிறது, நீரின் கணவன்!

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சொல் இனி ஆயுளுக்கும் மறக்காது. அதனால்தான் கேட்கிறேன்: இப்படி ஹைக்கூ வழியாகவே மொழியைப் படித்துக்கொண்டு போகலாமா? யாராவது செய்து பார்த்ததுண்டா?

#2 ரயில் பயணி

நேராகவே சொல்லிவிடுகிறேன். வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால் வேண்டாம். "கவாஸு" என்று இன்று எந்த ஜப்பானியரும் பேச்சில் சொல்வதில்லை. தவளைக்குக் "கஏரு" என்பார்கள். இந்த "யா"வைக் கடைத்தெருவில் போட்டுப் பேச முடியாது. "தெஸு", "மஸு" என்ற மரியாதை முடிவுகள் இரண்டும் இந்தக் கவிதைகளில் எங்கே வருகின்றன? நாளைக்கு நேர்காணலில் உங்களைத் தவளையைப் பற்றியா கேட்கப் போகிறார்கள்?

சங்கப்பாட்டு படித்துவிட்டு மதுரையில் ஆட்டோ பேரம் பேசுகிற கதைதான் இது.

#3 ஒசாகா சித்தப்பா

ரயில் பயணி தம்பி சொல்வதில் பாதி சரி. மறுபாதியை நான் சொல்கிறேன்.

14 வருடமாக இங்கே இருக்கிறேன். என் மகள் உள்ளூர் அரசுப் பள்ளியில் படித்தவள். ஹைக்கூ பள்ளிப் பாடத்திலேயே உண்டு. வீட்டுப்பாடமாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அவள் ஒப்பிக்கும்போது கூடவே கேட்டுத்தான் எனக்குப் பாதி ஜப்பானியம் வந்தது. அலுவலகத்தில் வெயில் கொளுத்தும் நாளில் யாராவது பாஷோவின் சில்வண்டுக் கவிதையை "ஷிஸுகஸா யா..." என்று இழுத்தால், பக்கத்தில் இருப்பவர் மீதியைச் சொல்லி முடிப்பார். நம் ஊரில் "அகர முதல" என்று ஒருவர் தொடங்கினால் முடிக்க ஆள் இருப்பது போல. பேச்சில் வராத மொழிதான், ஆனால் எல்லோர் காதிலும் இருக்கிற மொழி.

இன்னொன்று. இங்கே "ஓய் ஓச்சா" என்று ஒரு பாட்டில் தேநீர் விற்கிறது. "ஏய், தேநீர்!" என்று கூப்பிடுவதுதான் பெயரே. நம் திருநெல்வேலி "ஓய்!" காதில் விழுகிறதா? அந்தப் பாட்டிலில் பொதுமக்கள் போட்டிக்கு எழுதி அனுப்பும் ஹைக்கூவை அச்சிடுகிறார்கள். 1989இலிருந்து நடக்கிற போட்டி. பெரும்பாலும் இன்றைய மொழி, சின்னக் குழந்தைகள் எழுதியதும் இருக்கும். என் முதல் வாசிப்புப் புத்தகம் அந்தப் பாட்டில்தான்.

ஒரு யோசனை: பாஷோவில் தொடங்காதீர்கள். இஸ்ஸாவில் (1763–1828) தொடங்குங்கள். மனிதர் சுமார் 20,000 ஹைக்கூ எழுதியிருக்கிறார், ஈ, தவளை, சிட்டுக்குருவி என்று.

யாரெ உத்ஸு நா
ஹஏ க தே ஓ ஸுரி
அஷி ஓ ஸுரு

"ஐயோ, அடிக்காதே. ஈ கையைத் தேய்த்து, காலைத் தேய்க்கிறது." வினைக்குப் பின்னால் "நா" போட்டால் "செய்யாதே". இது இன்றும் அப்படியே இருக்கிறது. ஆபத்தான இடத்தில் "ஹைரு நா" (நுழையாதே) என்று பலகை தொங்கும். "ஸுரி... ஸுரு" என்பதும் பாருங்கள். தேய்த்து, தேய்க்கிறது. நம் வினையெச்சம், வினைமுற்று மாதிரியேதான். இந்த "ஸுரி" வடிவம் இன்றைய செய்தித்தாள் நடையில் தினமும் வரும்.

#4 வெண்பா வெறியன்

இலக்கண வாசனை அடித்ததும் வந்துவிட்டேன்.

ஹைக்கூவின் மூன்று வரிக்கும் உள்ள 5-7-5 கணக்கை "அசை" என்று எழுதுகிறார்கள். அது தப்பு. ஜப்பானியர்கள் எண்ணுவது ஒலிக்கும் நேரத்தை. நம்மிடம் அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது: மாத்திரை. குறில் 1, நெடில் 2. இதுவரை இரண்டு மொழியும் ஒன்றுதான். அப்புறம்தான் பிரிகிறது. நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை. அவர்களுக்குச் சொல்லில் நிற்கும் "ன்" முழு ஒரு மாத்திரை, இரட்டிப்பில் வரும் தயக்கமும் முழு ஒரு மாத்திரை. "நிப்பொன்" என்ற சொல் நம் கணக்கில் 3 (1 + ½ + 1 + ½). அவர்கள் கணக்கில் 4: நி, ப், பொ, ன்.

கூழாங்கல் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஒதோ இரண்டு மாத்திரை. ஒத்தோவில் நடுவே ஒரு முழுத் தாளம் நிற்கிறது, ஆக மூன்று. விரல் விட்டு எண்ணிக்கொண்டே படித்திருந்தால் கடைசி வரி 6 ஆகிறதே என்று உடனே தெரிந்திருக்கும். ஹைக்கூவின் பெரிய உபயோகம் இதுதான் என்பேன். உச்சரிப்பு பிசகினால் கவிதையே காட்டிக்கொடுத்துவிடும். பாடப்புத்தக வாக்கியம் காட்டிக்கொடுக்காது.

போகிற போக்கில்: "ஹைக்கூ" என்று நாம் எழுதுவதே அவர்கள் காதுக்குப் பிழை. ஹ, இ, கு. மூன்றே மாத்திரை, இரட்டிப்பும் இல்லை, நெடிலும் இல்லை. மாற்றச் சொல்லவில்லை, தமிழில் ஊன்றிவிட்டது. பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது "ஹொக்கு" என்ற பழைய பெயரையே வைத்தார். அதில் இரட்டிப்பு சரி!

#5 சென்செய் அக்கா

நான் சென்னையில் ஜப்பானியம் கற்பிக்கிறேன். ஒதோ–ஒத்தோ குழப்பம் எனக்கு வாரம் ஒருமுறை வரும். அதற்கு மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நம் எழுத்தில்தான் சிக்கல். தமிழில் சொல்லின் நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் அதை மென்மையாக்கித்தான் படிப்போம். "காகம்" என்ற ஒரே சொல்லில் முதல் கா ஒரு ஒலி, இரண்டாவது க வேறு ஒலி. அந்தக் கடினமான ஒலியை நடுவில் கொண்டுவர வேண்டுமென்றால் இரட்டிக்கிறோம்: "காக்கை". ஜப்பானியத்தில் இரட்டித்தால் வேறு சொல்லாகிவிடும்.

மஸஒகா ஷிகியின் (1867–1902) இந்தக் கவிதையைப் பாருங்கள்:

ககி குஏபா
கனெ க நரு நரி
ஹோர்யூஜி

முதல் சொல்லின் இரண்டு எழுத்தையும் காகத்தின் முதல் எழுத்துப் போலச் சொன்னால் பெர்சிமன் பழம். நம் வழக்கப்படி இரண்டாவதை மென்மையாக்கினால் சாவி. என் வகுப்பில் ஒரு பிள்ளை சாவியைத் தின்றுவிட்டான். ஆகவே தமிழில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். இங்கே நாம் தமிழில் எழுதுவது பேச்சு வசதிக்கு மட்டும். நோட்டில் ஹிரகானாவிலேயே எழுதுங்கள். (நடு வரியின் "நரி" குறித்து யாரும் கேட்க வேண்டாம். அது பழைய முடிவுச் சொல். விலங்கு இல்லை.)

இப்போது பெரிய பொறிக்கு வருகிறேன். என்5க்கு அடுத்த நிலையான என்4 படிக்கிற எவரும் "குஏபா" என்பதைச் "சாப்பிட்டால்" என்றுதான் பொருள் கொள்வார்கள். பழம் தின்றால் மணி அடிக்கும், காசு போட்டால் சாமான் விழும் இயந்திரம் மாதிரி. இன்றைய மொழியில் அந்தப் பொருள் சரி. பழைய இலக்கணத்தில் இந்த வடிவத்தோடு "பா" சேர்ந்தால், நடந்துவிட்ட ஒன்றைச் சொல்கிறது: "பழம் தின்றுகொண்டிருக்கையில் மணி ஒலிக்கிறது, ஹோர்யூஜி." "தின்றால்" என்று சொல்ல அன்று "குவபா" என்ற வேறு வடிவம் இருந்தது. அந்த வேறுபாடு பிற்பாடு மங்கிப்போய் "குஏபா"வே நிபந்தனைப் பொருளுக்கு வந்துவிட்டது.

1895இல் எழுதியது. ஷிகிக்குப் பழம் என்றால் உயிர். நாராவில் ஒரு விடுதியில் ககிப் பழம் தின்றுகொண்டிருக்கும்போது தோதைஜி கோவில் மணியைக் கேட்டதாகப் பின்னாளில் அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். கவிதையில் மட்டும் கோவில் ஹோர்யூஜி. ஏன் மாறியது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. எண்ணிப் பாருங்கள், ஹோ-ஓ-ர்யு-உ-ஜி, அழகாக 5.

இன்னொரு பொறி "க" (காகத்தின் இரண்டாவது க). இன்று அது எழுவாய்க் குறி. பாஷோ 1689இல் ஹிரைஸுமியில், பழைய போர்க்களத்தில் நின்று எழுதியது:

நத்ஸுகுஸா யா
த்ஸுவமொனோ தொமோ க
யுமெ நோ அதோ

"கோடைப் புல். வீரர்களின் கனவுகளுடைய மிச்சம்." இங்கே "க" ஆறாம் வேற்றுமை. "வீரர்கள் கனவு கண்டார்கள்" என்று எழுவாயாக்கினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும், வினையைத் தேடித் தேடிக் களைத்துப்போவீர்கள்.

ரயில் பயணி, நீங்கள் சொல்வது இந்த இடங்களுக்குப் பொருந்தும். பழைய இலக்கணம் தெரியாமல் இவற்றிலிருந்து விதி கற்றால் விதி தப்பாகும். ஆனால் எல்லாக் கவிதையும் இப்படியில்லை.

#6 கூழாங்கல்

அக்கா, சாவி தின்ற பிள்ளைக்கு என் அனுதாபம். நீங்கள் சொன்னதும் பயம் வந்துவிட்டது. பழைய இலக்கணம் கலக்காத கவிதை எது, கலந்தது எது என்று என்னைப் போன்றவன் எப்படிக் கண்டுபிடிப்பது?

#7 சென்செய் அக்கா

முழுசாக முடியாது. ஆனால் "கேரி", "நரி", "யா", "கனா" இவற்றைக் கண்டால் கையைத் தூக்கி நிற்கவும். "யா", "கனா", "கேரி" மூன்றும் வெட்டுச் சொற்கள், ஓட்டத்தை நிறுத்தி மூச்சு விடச் சொல்பவை. அவற்றுக்குப் பொருள் தேடாதீர்கள். நம் அசைநிலை இடைச்சொல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் என்4 இலக்கணமே நிறையக் கிடைக்கும். இஸ்ஸாவின் இந்த ஒன்று:

வரெ தோ கிதெ
அஸொபெ யா ஒயா நோ
நை ஸுஸுமெ

"என்னோடு வந்து விளையாடு, தாய் தகப்பன் இல்லாத சிட்டுக்குருவியே." தனி வாக்கியமாக "ஒயா க நை" (பெற்றோர் இல்லை) என்பீர்கள். அதுவே குருவிக்கு அடைமொழியாக முன்னால் வரும்போது "க" போய் "நோ" வந்து உட்காரும். இன்றும் இதே விதிதான், தேர்விலும் கேட்பார்கள். தமிழ்க்காரர்களுக்கு இது கரும்பு, "தாயில்லாப் பிள்ளை" என்று தினம் சொல்கிறோமே. வரி "நோ"வில் உடைந்து "நை" அடுத்த வரிக்குப் போவதையும் கவனியுங்கள். வரியை வரியாகப் படித்தால் பொருள் கிடைக்காது.

அடுத்து ஃபுகுதா சியோனி (1703–1775). பெண் கவி.

அஸகஒ நி
த்ஸுருபெ தொரரெதெ
மொரை மிஸு

அஸா காலை, கஒ முகம். விடியலில் பூக்கிற கொடிப்பூ. கிணற்று வாளியைக் கொடி சுற்றிக்கொண்டது. அறுக்க மனமில்லை, பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டாள். "தொரரெரு" என்ற செயப்பாட்டு வினையை நான் ஆறு வருடமாக இந்தக் கவிதையை வைத்துத்தான் சொல்லித்தருகிறேன். "ஸைஃபு ஓ தொரரெதா" என்றால் "பர்ஸ் எடுக்கப்பட்டது" என்று மட்டும் பொருளில்லை, எனக்கு நஷ்டம் என்பதும் அதில் இருக்கிறது. "பர்ஸைப் பறிகொடுத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள், வந்துவிட்டதா? "கொடிப்பூவிடம் வாளியைப் பறிகொடுத்து, வாங்கிய தண்ணீர்." யாரிடம் என்பதற்கு "நி".

முதல் வரியின் "நி"யை நீக்கி "அஸகஒ யா" என்று வைத்த வடிவமும் அவர் கையெழுத்தில் உண்டு. அப்போது வாளியைப் பூ பிடுங்கவில்லை. முதலில் பூ, ஒரு நிறுத்தம், பிறகுதான் மற்றதெல்லாம். எது மேல் என்று வகுப்பில் சண்டை நடக்கும். என் ஓட்டு "நி"க்கு.

#8 கடாரம் கொண்டான்

இவ்வளவு ஒற்றுமை எப்படி? ஜப்பானியமே தமிழிலிருந்து வந்ததுதான். ஒரு ஜப்பானியப் பேராசிரியரே நிரூபித்துவிட்டாரே. இதை ஏன் யாரும் பேசவில்லை?

#9 வெண்பா வெறியன்

ஓனோ ஸுஸுமுவைச் சொல்கிறீர்கள். பெரிய அறிஞர், பழைய ஜப்பானிய அகராதியே தொகுத்தவர். தமிழோடு உறவு என்று பல வருடம் எழுதினார். நிரூபித்தார் என்று சொல்ல முடியாது, மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் கொரியனில் உண்டு, மங்கோலியனில் உண்டு, துருக்கியில் உண்டு. ஒற்றுமை படிக்க உதவுகிறதா, உதவட்டும். சொந்தம் கொண்டாட வேறு இழை தொடங்குங்கள் ஐயா, அங்கே வந்து சண்டை போடுகிறேன்.

#10 ரயில் பயணி

ஒப்புக்கொள்ள மனசில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பெயருக்குப் பின்னால் ஒட்டும் "வா"வுக்கும் "க"வுக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு வருடமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று இந்த இழையைப் பார்த்துவிட்டு பூஸொன் (1716–1784) கவிதை ஒன்றைத் தேடினேன்.

நனொஹனா யா
த்ஸுகி வா ஹிகஷி நி
ஹி வா நிஷி நி

கடுகுப் பூ வயல். நிலவோ கிழக்கில், சூரியனோ மேற்கில். வினையே இல்லை. இரண்டு "வா" எதிரெதிரே தராசுத் தட்டு மாதிரி நிற்கின்றன. நம் "ஓ" தான்: "அண்ணனோ டாக்டர், தம்பியோ ஊர்சுற்றி." "வா" எல்லா இடத்திலும் இப்படி வராது என்று தெரியும், ஆனால் இந்த ஒரு முகம் இனி மறக்காது. 17 மாத்திரையில் முடித்துவிட்டார்.

ஆனாலும் வேலைக்கு உதவாது என்பதில் மாற்றமில்லை. மரியாதை மொழி ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது. ஈயைப் பார்த்து யாரும் "தயவுசெய்து அமருங்கள்" என்று சொல்வதில்லை.

#11 பழைய குளம்

என் பெயரைச் சொல்லித் தொடங்கிய இழையில் தாமதமாக வருகிறேன்.

கூழாங்கல், ஒரு கேள்வி. உங்கள் குளத்தில் எத்தனை தவளை?

மூலத்தில் எண்ணிக்கை இல்லை. கவாஸு ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் ஆங்கிலத்தில் பன்மையாகவே மொழிபெயர்த்தார். மற்றவர்கள் பெரும்பாலும் ஒன்று என்பார்கள். ஆங்கிலத்தில் முடிவெடுத்தே ஆக வேண்டும். தமிழில் வேண்டாம், "சந்தையில் பத்து மாடு வாங்கினான்" என்று "கள்" இல்லாமலே நமக்குப் பழக்கம். "தவளை பாயும் நீரோசை" என்றால் அதுவும் எண்ணிக்கை சொல்லவில்லை. "தொபிகொமு" கூட அப்படித்தான், அந்த இடத்தில் பெயரெச்சமாகவும் நிற்கும், வாக்கியத்தை முடிக்கும் வினையாகவும் நிற்கும். நான் பெயரெச்சமாகத்தான் படிக்கிறேன். தவளையைக் கண்ணால் பார்த்தது மாதிரி தெரியவில்லை, ஓசைதான் வந்து சேர்கிறது.

தொபு (பாய்தல்), கொமு (உள்ளே புகுதல்) இரண்டும் ஒட்டிய கூட்டுவினை. "கொமு" ஒட்டிய வினைகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். "நொமிகொமு" விழுங்கு, "மோஷிகொமு" விண்ணப்பி. ரயில் பயணி ஐயா, இரண்டாவது உங்கள் வேலைக்கே உதவும்.

#12 கூழாங்கல்

மூன்று மாதம் கழித்து வருகிறேன். இழை இன்னும் திறந்திருப்பது சந்தோஷம்.

வாரம் ஒரு கவிதை என்று வைத்துக்கொண்டேன், இதுவரை 11. ஒரு வாரம் அலுவலகம் விழுங்கிவிட்டது. அக்கா சொன்னபடி ஹிரகானாவில் எழுதி, அடியில் இன்றைய மொழியில் ஒரு சாதாரண வாக்கியமாக நானே மாற்றி எழுதுகிறேன். "கவாஸு" இருந்த இடத்தில் "கஏரு", "குஏபா" இருந்த இடத்தில் "தபெதெ இரு தோ". அந்த மாற்றி எழுதுகிற வேலையில்தான் நான் உண்மையில் படிக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. பாடப்புத்தகத்தை விடவில்லை. காலையில் அது, இரவில் இது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 11 கவிதையில் கிடைத்த சொற்கள் அறுபதுக்குப் பக்கம். அதில் இன்று பேச்சில் செல்லாதவை பதினைந்தாவது இருக்கும். "ஹினெமொஸு" (நாள் முழுதும்) என்பதை வகுப்பில் சொல்லி மறுபடி சிரிக்க வைத்தேன், பூஸொனின் வசந்தக் கடல் கவிதையில் வருவது. அதே கவிதையின் "நொதரி நொதரி" மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அலை சோம்பலாகப் புரள்வதற்கு ஓர் இரட்டைக்கிளவி. பேருந்து நெரிசலில் ஊரும்போதெல்லாம் அதுதான் வாயில் வருகிறது.

ஒரு சந்தேகம், சித்தப்பாவுக்கு. நீங்கள் முதலில் சொன்ன "ஷிஸுகஸா யா, இவா நி ஷிமிஇரு, ஸெமி நோ கொஏ" (நிசப்தம், பாறைக்குள் இறங்கும் சில்வண்டின் குரல்). அதில் "ஷிமிஇரு" என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? ஊறுவதா, துளைப்பதா?

#13 ஒசாகா சித்தப்பா

ஊறுவதுதான். அந்த இடம் யமகதாவில் இருக்கிற யமதெரா, மலைக்கோவில். ஆயிரத்துக்கு மேல் படி. நான் ஆகஸ்டில் ஏறினேன், பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது சில்வண்டுச் சத்தம் தலைக்குள் கிண்ணென்று இருந்தது. "நிசப்தம் எங்கே ஐயா?" என்று பாஷோவைத் திட்டிக்கொண்டேதான் ஏறினேன். கவிதையில் வருவது எந்த வகைச் சில்வண்டு என்று கவிஞர் ஸைதோ மொகிச்சியும் இலக்கிய அறிஞர் கொமியா தொயொதகாவும் 1920களில் பெரிய வாக்குவாதமே நடத்தினார்கள். மொகிச்சி "அபுரஸெமி" என்றார், கொமியா "நீநீஸெமி" என்றார். பாஷோ வந்த பருவத்தில் அங்கே எது கத்தும் என்று விசாரித்துப் பார்த்து, கடைசியில் மொகிச்சி விட்டுக்கொடுத்தார். நீநீஸெமியின் குரல் கொஞ்சம் மெலிசு. நான் போனது ஆகஸ்ட், எனக்கு வாய்த்தது வேறு கூட்டமாக இருக்கலாம்.

"ஷிமி" என்ற சொல்லை எனக்குப் புரியவைத்தது அந்த மலை இல்லை. வீட்டுக்காரி நேற்றும் என் வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டி "இந்த ஷிமி போகவே மாட்டேன் என்கிறது" என்றாள். சோயா சாஸ் கறை. அதே சொல்தான்.